பழைய தேவாலயத்தை மீட்க இளைஞர்கள் முன்வந்திருக்கிறோம்: எங்கிருந்து தொடங்குவது?

மணிக்கூண்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையின் பழைய ஆலயம் நெடுநாளாகப் பூட்டிக் கிடந்தது. புதிய கட்டடம் எழும்பியதும் ஆராதனை அங்கே மாறிவிட்டது. பழையதில் உடைந்த பெஞ்சுகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் சேர்ந்தன. வாலிபர் சங்கத்தில் படிக்கிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களுமாகச் சிலர் கூடிப் பேசி, சபைக் குழுவிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவிட்டோம். ஆர்வத்துக்குக் குறைவில்லை. எதை முதலில் தொடுவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

நிலைமையைச் சொல்கிறேன். வடக்குச் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உப்பி நிற்கிறது. விரலால் தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கிறது, அழுத்தினால் மாவாக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. அதற்கு நேர் மேலே, கூரையும் சுவரும் சேரும் இடத்தில், செடி வேர்விட்டிருக்கிறது. மணி தொங்கும் மரச்சட்டத்தில் ஒரு பக்கம் கரையான். பீடமும் ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடியும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன.

பெயர்ந்த பூச்சை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டில் பூசி, வெள்ளையடித்து, அடுத்த பண்டிகைக்குத் திறக்கலாம் என்கிறார்கள் பாதிப் பேர். மீதிப் பேருக்கு அதில் பயம். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

கரணை எழுதியது:

தம்பி, பயப்படுகிறவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நான் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. பழைய சுவரில் சிமெண்ட் பூசி, அது என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தவன்.

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். கட்டுமானத்தில் அது பரவலாகப் புழங்க இன்னும் பல காலம் ஆனது. உங்கள் ஆலயம் உண்மையிலேயே பழையது என்றால் அதன் சாந்து சுண்ணாம்பாகத்தான் இருக்கும். சுண்ணாம்புச் சுவரில் ஈரம் ஏறும், இறங்கும், வெளியே ஆவியாகிப் போகும். செங்கல்லைவிடச் சாந்து மென்மையாக இருப்பதால், ஈரமும் உப்பும் சாந்து வழியாகவே வெளியேறுகின்றன. கெடுவது சாந்துதான். அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்துக்கொள்ளலாம்.

சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளேயே நிற்கும், இல்லாவிட்டால் செங்கல்லின் முகம் வழியாக வெளியேறப் பார்க்கும். நீர் ஆவியாகும்போது உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிப் பருக்கும், செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உரியும். கொஞ்ச நாள் சுவர் அழகாகத் தெரியும். பிறகு சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயரும்போது நல்ல செங்கல்லையும் பிடுங்கிக்கொண்டு விழும். பூச்சை மாற்றலாம், சுவரை எப்படி மாற்றுவீர்கள்?

சுண்ணாம்பைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்புக் கல்லை ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீர்த்த சுண்ணாம்பை மணலோடு குழைத்துப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல வாங்கி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. இதற்கு வாரங்கள் ஆகும், கனமான பூச்சானால் மாதங்களும் ஆகும். அதுவரை வெயில் படாமல் ஈரச்சாக்கு கட்டி, வேகமாக உலர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பண்டிகைத் தேதியை வைத்துக்கொண்டு சுண்ணாம்பு வேலை செய்ய முடியாது. இதை உங்கள் குழுவில் முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

நீர்வழி எழுதியது:

கரணை சொன்னது அத்தனையும் சரி. ஆனால் சாந்துக்கு முன்னால் தண்ணீர் இருக்கிறது.

மணிக்கூண்டின் விவரத்திலேயே விடை இருக்கிறது, கவனித்தீர்களா? சுவர் கெட்ட இடத்துக்கு நேர் மேலே செடி. மழைநீர் ஓடும் தடத்தில் மண் படிந்து அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அங்கே விதை முளைத்திருக்கிறது. வழிந்த தண்ணீர் சுவர் வழியாக இறங்கி அடியில் நிற்கிறது. தண்ணீரை நிறுத்தாமல் பூசுகிற எந்தப் பூச்சும் நிற்காது, அது எவ்வளவு நல்ல சுண்ணாம்பாக இருந்தாலும் சரி.

ஆகவே கொத்தும் வேலை எதுவும் இப்போது வேண்டாம். நல்ல மழை கொட்டும்போது குடை பிடித்துக்கொண்டு ஆலயத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே சேர்கிறது, எங்கே தெறிக்கிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது, தரையில் விழுந்த பிறகு சுவரை நோக்கி ஓடுகிறதா விலகி ஓடுகிறதா என்று ஒவ்வொன்றையும் படம் எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். சுவரை ஒட்டி மண் மேடிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கட்டடங்களில் வெளித்தரை காலப்போக்கில் உயர்ந்து உள்தரையைவிட மேலே போயிருக்கும். அந்த மண்ணைச் சரித்து நீர் விலகி ஓடும்படி செய்தாலே சுவர் உலரத் தொடங்கிவிடும். அப்போதும் அடித்தளத்தின் பக்கத்தில் ஆழமாகத் தோண்டாதீர்கள்.

செடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. வேர் சாந்துக்குள் போயிருந்தால் அதோடு கல்லும் வரும். தண்டை வெட்டி, வேரைச் சாகவிட்டு, பிறகுதான் எடுக்க வேண்டும்.

1877இல் இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். டூக்ஸ்பரி மடாலய ஆலயத்தைப் 'புதுப்பிக்கிறோம்' என்று கிளம்பியவர்கள் மேல் எழுந்த கோபம்தான் அதற்குத் தூண்டுதல். பெரிதாகப் புதுப்பிப்பதை விட்டுவிட்டு அன்றாடப் பராமரிப்பால் அழிவைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான் அந்தச் சங்கத்தின் அறிக்கை சொன்ன சேதி. ஓடு நழுவினால் அன்றே சரிசெய்வதும், நீர்த்தடத்தைக் கூட்டுவதும்தான் அந்தப் பராமரிப்பு. உங்கள் பிள்ளைகளால் முழுத் திறமையோடு செய்ய முடிகிற வேலையும் இதுவே.

திறந்தகதவு எழுதியது:

கேட்கக் கடினமாக இருக்கலாம், ஆனாலும் கேட்கிறேன். இத்தனை பேருடைய உழைப்பை ஒரு பழைய கட்டடத்தில் கொட்டத்தான் வேண்டுமா? சபை என்பது மக்கள். சுவரைக் காப்பாற்றுகிற நேரத்தில் முதியவர்களைப் போய்ப் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். புதிய ஆலயம் இருக்கிறதே.

மணிக்கூண்டு எழுதியது:

@திறந்தகதவு, இந்தக் கேள்வி எங்கள் குழுவிலும் எழுந்தது. பூட்டைத் திறந்த அன்று வயதானவர்கள் பலர் வந்தார்கள். ஒரு பாட்டி, கதவின் கீழ்ப்படியில் கால் பட்டுத் தேய்ந்த பள்ளத்தைக் கையால் தடவிக்கொண்டே தன் கலியாணத்தைப் பற்றிப் பேசினார். அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளை அவருடைய சொந்தப் பேத்தி. அந்தக் கதையை அதுவரை கேட்டதே இல்லை என்றாள். முதியவர்களைப் போய்ப் பார்ப்பதும் இந்த வேலையும் எங்களுக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை.

ஆவணக்காரி எழுதியது:

மணிக்கூண்டு, அந்தப் பாட்டி சொன்னதைப் பதிவு செய்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போய் உட்காருங்கள். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், சுவருக்கு என்ன நிறம் இருந்தது, எந்த மழையில் கூரை ஒழுகத் தொடங்கியது என்பதையெல்லாம் எந்தப் பதிவேடும் சொல்லாது.

எதையும் நகர்த்துவதற்கு முன்னால் கட்டடத்தை முழுவதும் படம் எடுங்கள். வரிசையாக, ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று, ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். கோப்புப் பெயரில் தேதியும் இடமும் இருக்கட்டும். பாரிஸின் நோத்ர் தாம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் அதற்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்பே அந்த ஆலயத்தை லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தார். தீயைப் பார்க்காமலே 2018இல் இறந்துபோனார். மீட்பு வேலையில் இறங்கியவர்களுக்கு அந்த அளவுகள் பெரிய துணை. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறந்தது. உங்களுக்கு லேசர் வேண்டாம், கைபேசியும் அளவு நாடாவும் பொறுமையும் போதும்.

சாமான்களை வெளியே எடுக்கும்போது 'குப்பை' என்று எதையும் உடனே எறியாதீர்கள். உடைந்த மர அலங்காரத் துண்டு, கண்ணாடிச் சில்லு, பழைய ஆணி எல்லாவற்றுக்கும் எண் போட்டு, கிடைத்த இடத்தை எழுதி, பெட்டியில் வையுங்கள். பழைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் கிடைத்தால் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அந்தப் பசை காலப்போக்கில் தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம்.

அளவுகோல் எழுதியது:

நான் இந்த முயற்சிக்கே எதிரானவன் இல்லை. ஆனால் தன்னார்வலர்கள் கலைப்பொருளைத் தொடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருப்பேன். ஸ்பெயினின் போர்கா ஊர் ஆலயத்தில் 2012இல் நடந்தது உலகம் முழுவதும் தெரிந்த செய்தி. ஈரத்தால் உதிர்ந்துகொண்டிருந்த இயேசுவின் சுவரோவியத்தை, ஆலயத்தின் மேல் உண்மையான அன்பு வைத்திருந்த வயதான ஓர் அம்மையார் தாமே சரிசெய்ய முனைந்தார். பழைய முகம் மறைந்து வேறொரு முகம் வந்துவிட்டது. அவரைக் கேலி செய்தவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை. ஓவியம் உதிர்ந்துகொண்டிருந்தபோது ஒரு வல்லுநரை அழைத்து வர யாருமே இல்லாமல் போனது ஏன் என்பதுதான் என் கேள்வி.

நினைவுச்சின்னங்களைக் காப்பதற்காக 1964இல் வெனிஸ் நகரில் வகுத்த சாசனத்தில் ஒரு விதி இருக்கிறது: ஊகம் தொடங்குகிற இடத்தில் மீட்பு வேலை நிற்க வேண்டும். 'முன்பு இப்படித்தான் இருந்திருக்கும்' என்று யாராவது சொன்ன நிமிடமே கருவியைக் கீழே வைத்துவிடுங்கள்.

ஆவணக்காரி எழுதியது:

அளவுகோல் ஐயாவின் எச்சரிக்கை முழுக்கச் சரி. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்தது. தேசிய நூலகத்தின் கீழ்த்தளமும் சாந்தா குரோசே ஆலயமும் சேற்றில் மூழ்கின. சிமாபுவே தீட்டிய பெரிய சிலுவையின் வண்ணம் பெருமளவு உரிந்து நீரோடு போனது. பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார்கள். நூலகக் கீழ்த்தளத்திலிருந்து படிக்கட்டு நெடுக வரிசையாக நின்று, சேறு சொட்டும் நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுவந்தார்கள். அந்த ஊர் மக்கள் அவர்களுக்குச் சேற்றுத் தேவதூதர்கள் என்றே பெயர் வைத்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோருக்கு ஓவியப் பாதுகாப்பு தெரியாது. ஓவியத்தைச் சரிசெய்யும்படி யாரும் அவர்களிடம் கேட்கவும் இல்லை. தூக்குவது, துடைப்பது, உலர்த்துவது, அடுக்குவது என்று வல்லுநர்கள் சொன்னதைச் செய்தார்கள். பிரான்ஸில் 1966இலேயே உருவான ரம்பார் என்ற ஒன்றியம், பழைய கட்டடங்களில் தன்னார்வ முகாம்களை இன்றும் நடத்திவருகிறது. கல் அடுக்குவதையும் சாந்து குழைப்பதையும் தெரிந்தவர்களின் மேற்பார்வையில் இளையவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கூடவே ஒரு கைத்தொழில்காரர் நிற்கவேண்டும், அவ்வளவுதான். கரணை போன்றவர்கள் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் கற்றுக்கொள்ளாமலா போவார்கள்?

செவிலி எழுதியது:

யாரும் இதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மணிக்கூண்டிலும் கூரைக்கடியிலும் புறா எச்சம் இருக்கும். அதை உலர்ந்தபடியே துடைப்பத்தால் கூட்டக் கூடாது. தூசியோடு கிருமி நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, தரமான முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களை அந்த வேலையில் விடாதீர்கள். பழைய கதவு, ஜன்னல் வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், ஆகவே உப்புத்தாள் போட்டு உலர்ந்தபடி தேய்க்காதீர்கள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகும். நீறும் சுண்ணாம்பின் பக்கம் கண்ணாடி அணியாமல் யாரும் போகக் கூடாது. பட்டுவிட்டால் உடனே தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏணியிலும் சாரத்திலும் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் ஏறட்டும். வேறோர் இடத்தில் இதே மாதிரி சேவை முகாம் ஒன்றில், கைமரம் உளுத்திருப்பது தெரியாமல் கூரைமேல் ஏறிய ஒரு பையன் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வந்தான். நான்தான் வார்டில் இருந்தேன். அவனை மேலே அனுப்பியவர்களும் நல்லவர்கள்தான். மரத்தைத் தெரிந்தவர் ஒருவர் தட்டிப் பார்த்துச் சொல்லும்வரை உங்கள் கூரையில் யாரும் கால் வைக்க வேண்டாம். மணியையும் அடிக்க வேண்டாம், கரையான் அரித்த சட்டம் அந்த ஆட்டத்தைத் தாங்காது.

பாடற்குழு எழுதியது:

சுவர், சாந்து, தண்ணீர் எல்லாம் சரி. சீரான பிறகு அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கப்போகிறது? இதற்கு விடை இல்லாமல் தொடங்கினால், வேலை முடிந்த மறுமாதம் மறுபடி பூட்டுத்தான். ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தில் ஒழுகல் யாருக்கும் தெரியாமலே வளரும்.

மேலே சொன்ன வெனிஸ் சாசனமும், சமுதாயத்துக்குப் பயன்படும் வேலை ஒன்றை ஒப்படைத்தால் நினைவுச்சின்னங்களைக் காப்பது எளிதாகும் என்கிறது. இங்கிலாந்தில் வழிபாடு நின்றுபோன ஆலயங்களுக்காக 1957இல் துணையற்ற ஆலயங்களின் நண்பர்கள் என்ற அமைப்பு உருவானது. 1969இல் வந்த ஆலயப் பாதுகாப்பு அறக்கட்டளை இன்று 350க்கும் மேற்பட்ட ஆலயங்களைப் பார்த்துக்கொள்கிறது. அவற்றில் பலவற்றில் இசை நிகழ்ச்சியும் கண்காட்சியும் நடக்கின்றன, சிலவற்றில் பயணிகள் இரவு தங்கவும் செய்கிறார்கள்.

பழைய ஆலயத்தில் பாடியிருக்கிறீர்களா? உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் குரலைத் தாங்கித் திருப்பித் தருவதை எந்த ஒலிபெருக்கியும் தராது. வாரத்தில் ஒரு மாலை பாடற்குழுப் பயிற்சியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்குக் கீழே ஆபத்தில்லை என்று தெரிந்தவர் சொன்ன பகுதியில் மட்டும் பாய் விரித்து உட்கார்ந்தால் போதும். வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

திறந்தகதவு எழுதியது:

பாட்டி, பேத்தி பற்றிய பதிலையும் மேலே வந்தவற்றையும் படித்தேன். எதிர்ப்பைக் கைவிடுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை. இளையவர்களைக் கூலியில்லா ஆட்களாக நடத்தாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு சபையில் பிள்ளைகள் வெயிலில் உழைத்தார்கள், முடிவெடுக்கும் கூட்டத்தில் ஒருவருக்கும் நாற்காலி இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் குழுவினர் பெயர் மட்டும். மறுவருடம் ஒரு பிள்ளையும் வரவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி இங்கிலாந்தின் கோவென்ட்ரி பேராலயத்தை எரித்தன. 1961இல் ஜெர்மனி இளைஞர்களே அங்கே வந்து, இடிபாட்டின் ஒரு பகுதியைச் சந்திப்பு மையமாக மாற்ற உழைத்தார்கள். 1965இல் கோவென்ட்ரியிலிருந்து புறப்பட்ட இளைஞர்கள், நேச நாடுகளின் குண்டுவீச்சில் நொறுங்கிய ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் போய் அங்கிருந்த மருத்துவமனையைக் கட்டியெழுப்ப உதவினார்கள். சுவர் எழுப்பும் வேலைக்குள் மக்களைச் சேர்க்கும் வேலையும் இருக்கலாம் என்று என்னை ஒப்புக்கொள்ள வைத்தது இதுதான். உங்கள் ஊரில் வேறு சபையினர், வேறு மதத்தினர் வீட்டுப் பிள்ளைகளும் வர விரும்பினால் கதவை மூடாதீர்கள்.

மணிக்கூண்டு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை இந்த இழையை முழுவதும் குழுவில் வாசித்தோம். பண்டிகைத் தேதியைக் கைவிட்டாயிற்று. சிலருக்கு வருத்தம்தான், ஆனால் நுரையீரலையும் கண்ணையும் பற்றிச் செவிலி அக்கா எழுதியதைப் படித்தபிறகு அவசரப்பட யாருக்கும் மனமில்லை. மழையில் சுற்றிப் பார்ப்பது, படம் எடுப்பது, முதியவர்களிடம் பேசுவது என மூன்று அணிகள் பிரிந்துவிட்டன. பழங்கட்டடத்தில் பழகிய ஒரு பொறியாளரை அழைத்துவந்து கூரையைக் காட்டப் போகிறோம். சபைக் குழுவில் இரண்டு இடம் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

கரணை அண்ணா, உங்களிடம் ஒரு சந்தேகம். சுவர் உலர்ந்தபிறகு பூச்சுக்குப் போகும்போது, பழைய சாந்தோடு புதியது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதியது தனியாகத் தெரிந்தால் பரவாயில்லையா?

கரணை எழுதியது:

தெரியலாம் தம்பி. ஒட்டவே ஒட்டாத நிறத்தில் கண்ணை உறுத்தக் கூடாது, கிட்டே வந்து பார்க்கிறவனுக்குப் பழையது எது புதியது எது என்று புரியவும் வேண்டும். டிரெஸ்டன் நகரத்து ஃபிரவுன்கிர்ச்சே ஆலயம் 1945இல் இடிந்து, 2005இல் மறுபடி நிமிர்ந்தபோது, இடிபாட்டில் கிடைத்த கறுத்த கற்களைப் புதிய வெளிர் கற்களுக்கு நடுவே அப்படியே வைத்துக் கட்டினார்கள். தூரத்திலிருந்தே திட்டுத் திட்டாகத் தெரியும்.

பொருந்துமா என்று பார்க்க வழி இருக்கிறது. கெடாத இடத்திலிருந்து பழைய சாந்தில் ஒரு சிறு கட்டி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அந்த மணலின் பருமனும் நிறமும் பார்த்து அதுபோன்ற மணலைத் தேடுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு வரும். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கணக்கில் தொடங்கி, விகிதம் மாற்றிச் சில மாதிரிகளைக் குழைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் பக்கத்தில் பக்கத்தில் பூசி, ஒவ்வொன்றுக்கும் கீழே விகிதத்தையும் தேதியையும் எழுதிவையுங்கள். பூசுவதற்கு முன் சுவரை நனைக்க மறக்காதீர்கள், உலர்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும். ஒரேயடியாகக் கனமாக அப்பாமல் மெல்லிய படலங்களாகப் போடுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டட்டும். வெடிக்காமல், மாவாக உதிராமல், நகத்தால் கீறினால் லேசாகத் தடம் விழுகிற மாதிரி எது நிற்கிறதோ அதுதான் உங்கள் சுவருக்கு.

மாதிரி பூசுகிற அன்று சொல்லுங்கள், கரணையோடு நான் வருகிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டி சாந்து தங்கள் கையால் குழைத்துப் பார்க்கட்டும்.